தீனபந்து ஆண்ட்ரூஸ் பெரியாரும் அடிமை ஒழிந்த நாளும்

அடிமைத்தனம் ஒழிந்ததை நினைவுகூர்தற்கென்றே ஒரு நாளைக் குறித்துவைத்து, அன்று கச்சேரிகளையும் கலாசாலைகளையும் அடைத்துத் திருநாள் கொண்டாடும் தேசங்கள் உலகிற் பல உள. மேற்கிந்தியத் தீவுகள் பலவற்றில் ஆகஸ்டு மாதம் முதல் தேதி அத்தகைய நாளாகும். பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1833-ம் வருஷத்தில் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் மறு வருஷம் அத்தேதியில் அமுலுக்கு வந்தது. ஏறக்குறைய எட்டு லட்சம் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் அன்றுதான் சட்டத்தின் முன் மனிதரென மதிக்கப்பட்டனர். டிரினிடாட் தேசத்தார் 1985-ம் வருஷமுதல் அந்நாளைப் பொது விடுமுறையாகக் கொண்டாடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1865-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் நகரில் விடுதலைக் கட்டளை அறிவிக்கப்பட்ட நினைவு, 2021-ம் வருஷத்தில் தேசிய விடுமுறையாயிற்று.

தமிழராகிய நமக்கு இவற்றினும் அணித்தான ஒரு நாள் உண்டு. இந்து மகாசமுத்திரத்திலுள்ள மொரீஷியஸ் தீவில் பெப்ரவரி மாதம் முதல் தேதி அடிமை ஒழிந்த நாள். அத்தீவில் தமிழர் கோயில்கள் பல உண்டு; தைப்பூசம் அரசாங்க விடுமுறை; அந்நாட்டுப் பண நோட்டுகளில் தமிழெழுத்து அச்சிடப்பட்டிருக்கின்றது. 1835-ம் வருஷம் பெப்ரவரி முதல் தேதி அங்கிருந்த 60,000-க்கு மேற்பட்ட அடிமைகளின் விலங்கு சட்டத்தால் அறுபட்டது. 2001-ம் வருஷமுதல் அந்நாள் விடுமுறை நாளாக அனுசரிக்கப்பட்டு வருகின்றது.

ஆனால் அதே தீவின் நாட்காட்டியில் நவம்பர் மாதம் இரண்டாந் தேதியும் ஒரு விடுமுறையாகக் காணப்படும். 1834-ம் வருஷம் அத்தேதியில் அட்லஸ் என்னும் கப்பலில் 36 இந்தியக் கூலிகள் அங்கு வந்திறங்கினர். தேதிகளை ஒப்பிட்டு நோக்குக. அடிமைகள் விடுதலை பெறுதற்கு மூன்று மாதம் முந்தியே, அவர்கள் விட்டுச்செல்லும் கரும்புத் தோட்டத்திற்கு வேறு ஆட்கள் வந்து சேர்ந்தாயிற்று! அப்படியாயின் அடிமைத்தனம் மெய்யாக ஒழிந்த நாள் எது? பெப்ரவரி முதல் தேதியா, அதற்குப் பல்லாண்டு பிந்திய வேறொரு நாளா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் ஒரு பெரியாருடைய வாழ்க்கையை அறிதல் வேண்டும். அவர்தாம் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். சிம்மக்கல் வழியே வந்து வைகைப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நம் மாணவ நேயர்களில் பலர் அவர் பெயரைக் கேட்டிருக்கலாம். அவர் செய்த பணியைச் செவ்வனே அறிந்தவர் சிலரே. ஆதலின் அன்னாருடைய சரித்திரத்தை இங்குச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

அடிமையின் மறுபெயர்

முதலில் அவர் எதிர்த்த தீமை இன்னதென்று அறிதல் அவசியம். 1833-ம் வருஷத்துச் சட்டம் அடிமைகளின் எஜமானருக்கு இரண்டு கோடிப் பவுன் நஷ்டஈடு வழங்கிற்று. அடிமைகளுக்கு ஒரு காசும் வழங்கவில்லை. விடுதலை பெற்றவரும் உடனே வெளியேற இயலாதவாறு, பயிற்சியாளர் என்னும் பெயரால் சில வருஷம் பழைய எஜமானரிடத்திலேயே ஊழியஞ்செய்யுமாறு விதிக்கப்பட்டனர். இன்னொன்றும் கருதத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சிக்குட்பட்ட நம் நாட்டுக்கும், இலங்கைக்கும் அச்சட்டம் செல்லாதென்று அதனுள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நிலத்தோடு ஆளையும் விற்று ஓலை எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. 1843-ம் வருஷத்து ஐந்தாம் சட்டம், ஒருவன் தன் அடிமையென்று மற்றொருவனை நியாயஸ்தலத்தில் உரிமை கோருவதை மறுத்தது. அடிமையை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862-ம் வருஷத்தில் இந்திய தண்டனைச் சட்டம் அமுலுக்கு வந்த பின்னரே.

அடிமையை இழந்த தோட்ட முதலாளிகள் நம் நாட்டை நோக்கினர். பஞ்சம், கடன், சாதிக்கொடுமை ஆகிய மூன்றும் இங்கு ஏழை மக்களை ஊரைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தன. ஆள்பிடிக்குந் தரகர்கள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் கோயில் வாயில்களிலும் திரிந்து, பொன் விளையும் நாடு என்று ஆசை காட்டி, எழுதப் படிக்க அறியாதவரிடம் கைரேகை வாங்கினர். அந்த ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு உரியது. அக்காலத்துக்குள் வேலையை விட்டு நீங்கினாலும், குறித்த அளவு வேலை செய்யத் தவறினாலும், அது கடன் வழக்காகாது, சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். வடநாட்டார் அதனைக் கிர்மிட் என்றனர்; மலாய் நாடு சென்ற தமிழர் அவ்வாறு பிணிக்கப்பட்டவரைச் சஞ்சிக்கூலி என்றனர். பெயர் எதுவாயினும், கைவிலங்கு காகிதமாயிற்று என்பதே உண்மை.

தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டால் நாட்டுக்கு முதற் கூலிக்கப்பலாகிய டுரூரோ சென்னையிலிருந்தே புறப்பட்டு, 1860-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதுமுதல் 1911-ம் வருஷம்வரை அந்நாடு சென்ற ஒன்றரை லட்சம் இந்தியரில் பெரும்பாலார் சென்னை மாகாணத்தாரே. பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவுகளுக்கு 1879-ம் வருஷத்தில் கல்கத்தாவிலிருந்தும், 1903-ம் வருஷமுதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அங்குச் சென்ற 60,000 பேரில் ஏறக்குறைய 15,000 பேர் தென்னாட்டார். நம் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் வாயிலாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர் தொகை இவற்றினும் மிகப் பெரிது. அவர்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் இல்லையேனும், முன்பணமாகிய கடன் இருந்தது. கடனைத் தீர்த்துத் துண்டுச் சீட்டுப் பெற்றாலன்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லவியலாத நிலை 1921-ம் வருஷம்வரை நீடித்தது. 1902-ம் வருஷத்தில் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு இருப்புப்பாதை இடப்பட்டபின், சிம்மக்கல்லுக்குச் சிறிது தொலைவிலுள்ள நம் புகைவண்டி நிலையத்தின் வழியே எத்தனை ஆயிரம் ஏழைக் குடும்பங்கள் மூட்டையுங் கையுமாகக் கடல் நோக்கிச் சென்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

இளமைப் பருவம்

இங்ஙனம் துயருற்ற மக்களுக்குத் துணையாக வந்த ஆண்ட்ரூஸ், 1871-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 12-ந் தேதி இங்கிலாந்தின் வடபாலுள்ள நியூகாஸில் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் ஊழியர். குடும்பம் பின்னர்ப் பர்மிங்ஹாம் நகரிற் குடியேறியது. பிள்ளைப் பிராயத்தில் கொடிய சுரத்தால் மரணவாயிலை எட்டிய சார்லஸை அன்னையார் இரவும் பகலும் கண்விழித்துக் காப்பாற்றினார். அன்னையின் அன்பே தமக்குக் கடவுளின் அன்பை முதன்முதல் அறிவித்ததென்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு.

அக்குடும்பத்துக்கு நேர்ந்த ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. அன்னையாருக்குரிய செல்வத்தைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற நண்பர் ஒருவர் அதனை மோசஞ்செய்து இழந்துவிட்டார். குடும்பம் வறுமையுற்றது. அன்றிரவு வழிபாட்டில் தந்தையார் அந்நண்பரை நிந்திப்பாரென்று பிள்ளைகள் எதிர்பார்த்திருக்க, அவரோ அந்நண்பர் மனந்திரும்பி நலம்பெறுமாறு உருக்கமாக வேண்டினார். பகைவரிடத்தும் பகை பாராட்டாமல், அதே சமயத்தில் அவர் செய்த தீமையை மறைக்காமல் எடுத்துரைக்கும் ஆற்றல் பிற்காலத்தில் ஆண்ட்ரூஸிடம் விளங்கியதற்கு இந்நிகழ்ச்சியே வித்தென்னலாம்.

1890-ம் வருஷத்தில் அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்து, கல்வியிற் சிறந்து தேறினார். தேறியவர்க்கு உரிய சுகவாழ்வை நாடாது, லண்டன் மாநகரின் தென்பகுதியில் ஏழைத் தொழிலாளர் வாழும் வால்வொர்த் என்னுமிடத்தில் அக்கல்லூரியார் நடத்திய ஊழியத்தை ஏற்றார். 1897-ம் வருஷத்தில் குருப்பட்டம் பெற்றார். உடல்நலங் குன்றியமையால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போதகராயினார். அவருடைய ஆருயிர் நண்பராகிய பேசில் வெஸ்ட்காட் என்பவர் இந்தியாவில் ஊழியஞ்செய்துகொண்டிருந்தபோது 1900-ம் வருஷத்தில் வாந்திபேதியால் மாண்டார். நண்பர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புதல் தம் கடனென்று ஆண்ட்ரூஸ் துணிந்தார்.

இந்தியாவில்

1904-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி ஆண்ட்ரூஸ் இந்தியாவில் அடிவைத்தார். அந்நாளைத் தமது இரண்டாம் பிறந்த நாளாக ஆயுள் முழுவதும் போற்றிவந்தார். டில்லியிலுள்ள செயிண்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அவருக்கு, அங்கு ஆசிரியராயிருந்த சுசீல்குமார் ருத்ரா உற்ற நண்பராயினார். கல்லூரித் தலைமைப் பதவி காலியானபோது, ஆங்கிலேயரொருவரையே நியமிக்கவேண்டுமென்பது அக்காலத்து வழக்கம். ஆண்ட்ரூஸுக்கே அப்பதவி கிடைத்திருக்கும். ஆயினும், தம்மினும் அனுபவத்திற் சிறந்த இந்தியர் ஒருவர் இருக்கையில் நிறத்தை நோக்கித் தமக்குப் பதவியளிப்பது நீதியன்றென்று அவர் உறுதியாய் நின்றார். 1906-ம் வருஷத்தில் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்தியத் தலைவரானார். அவருக்குக் கீழ் ஆண்ட்ரூஸ் மகிழ்ச்சியோடு வேலை பார்த்தார். மிஷன் கல்லூரிகளின் சரித்திரத்தில் இஃதொரு சிறந்த நிகழ்ச்சியென்பதில் ஐயமில்லை.

1912-ம் வருஷத்தில் லண்டனில் ஓவியர் ரோதென்ஸ்டைன் இல்லத்தில் இரவீந்திரநாத தாகூரின் பாடல்கள் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டபோது ஆண்ட்ரூஸும் உடனிருந்தார். அன்று தொடங்கிய நட்பு மரணம்வரை நீடித்தது. பின்னர்ச் சாந்திநிகேதனமே அவருக்கு இல்லமாயிற்று.

நேட்டால் நாட்டில்

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த கூலிகள் சுதந்திரமாக அங்கு வாழ விரும்பினால், தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி செலுத்தவேண்டுமென்று ஒரு சட்டம் ஏற்பட்டிருந்தது. கூலிக்காரன் ஒருவன் பல மாதம் உழைத்தாலும் ஈட்டற்கரிய தொகை அது. வரி செலுத்த இயலாதவன் மீண்டும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு அடிமையாகவேண்டும், அன்றேல் கப்பலேறவேண்டும். 1913-ம் வருஷத்தில் காந்தியடிகள் இவ்வரியை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். நேட்டாலில் உள்ள நியூகாஸில் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைசெய்த இந்தியர் வேலையை விட்டு வெளியேறினர். அவருள்ளும், சிறை சென்றவருள்ளும் தமிழர் மிகப் பலர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறையில் நோயுற்று, விடுதலையானபின் 1914-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 22-ந் தேதி உயிர்நீத்தாள்.

இப்போராட்டத்துக்கு இந்தியாவில் நிதி திரட்டிய கோபாலகிருஷ்ண கோகலேயிடம் ஆண்ட்ரூஸ் தாம் சேர்த்துவைத்திருந்த பணத்தைக் கொடுத்தார். பணம் போதாது, தாமே செல்லவேண்டுமென்று கோகலே விரும்பியபோது, நண்பர் பியர்சனோடு கப்பலேறி 1914-ம் வருஷம் ஜனவரி மாதத் தொடக்கத்தில் டர்பன் துறைமுகம் அடைந்தார். எதிர்கொள்ள வந்த கூட்டத்தில் காந்தியடிகள் யாவரென்று வினவி, கூலியாள்போல் எளிய உடையணிந்து நின்ற அவரை அறிந்ததும், குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். ஆங்கிலேயர் ஒருவர் கறுப்பர் காலைத் தொட்டாரென்று அந்நாட்டு வெள்ளையர் கொதித்தெழுந்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. காந்தியடிகளுக்கும் தளபதி ஸ்மட்ஸுக்கும் நடுவே சென்று சமாதானம் ஏற்பட உதவினார். அந்நாட்களிலேயே இங்கிலாந்தில் அவருடைய அன்னையார் காலமானார். துயரச் செய்தி கேட்டும் அவர் தம் பணியை விட்டகலவில்லை. அவ்வருஷத்திலேயே அந்த 3 பவுன் வரி சட்டத்தால் நீக்கப்பட்டது.

நேட்டாலில் அவர் கண்ட ஒரு காட்சி மட்டும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோட்டத்தினின்று தப்பியோடிவந்த கூலியாள் ஒருவன் முதுகில் அடிபட்ட காயங்களோடு அடைக்கலம் நாடி ஒடுங்கியிருந்த காட்சியே அது. 1915-ம் வருஷத்தில் தாமே வாந்திபேதியால் வருந்திப் பிழைத்தெழுந்தபோது, அம்முகம் மீண்டும் மீண்டும் அவர் மனக்கண்முன் தோன்றிற்று. வரியை நீக்கினால் மட்டும் போதாது. ஒப்பந்தக் கூலிமுறையே அடியோடு தொலையவேண்டுமென்று அவர் உறுதிகொண்டார்.

பிஜித் தீவில்

அக்காலத்தில் பிஜியில் நிகழ்ந்த கொடுமைகள் சிறிது சிறிதாக நம் நாட்டுக்குத் தெரியலாயின. அங்கு இருபத்தொரு வருஷம் வாழ்ந்து மீண்ட தோதாராம் சனாட்யர் ஹிந்தி மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நம் கவியரசர் சுப்பிரமணிய பாரதியார் பிஜித் தீவின் ஹிந்து ஸ்திரீகளைக் குறித்துப் பாடிய பாட்டைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர். ஆயினும் அரசாங்கத்தார் அனுப்பிய இருவர், சிற்சில திருத்தங்களோடு அம்முறை தொடர்ந்து நடைபெறலாமென்றே அறிக்கை எழுதினர். 1912-ம் வருஷத்தில் கோகலே சட்டசபையிற் கொணர்ந்த ஒழிப்புத் தீர்மானமும் தோல்வியுற்றது. நேரிற் சென்று கண்டு உரைக்கும் நடுநிலைச் சாட்சி வேண்டியிருந்தது.

1915-ம் வருஷத்து முடிவில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் பிஜி சேர்ந்தனர். சில வாரமே தங்கினும், தோட்டந்தோறுஞ் சென்று, முதலாளிகளையும் மேற்பார்வையாளரையும் மருத்துவரையும் நீதிபதிகளையும் கூலிகளையும் கண்டு விசாரித்தனர். கூலிகள் வாழ்ந்த வரிசைக் குடில்களில் ஒவ்வோர் அறையும் 10 அடி நீளமும் 7 அடி அகலமுமே உடையது. மணமாகாத ஆடவர் மூவருக்கு அவ்வாறு ஓர் அறை. சமையலும் படுக்கையும் அதனுள்ளேயே. நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிரே அனுப்பப்பட வேண்டுமென்பது விதியாதலின், குடும்பவாழ்வு நிலைகுலைந்தது. பொறாமையும் கொலையும் மலிந்தன. நாளொன்றுக்கு ஆடவனுக்கு ஒரு ஷில்லிங்கும் பெண்ணுக்கு ஒன்பது பென்னியும் கூலியென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. குறித்த வேலையை முடித்தவருக்கே அது கிடைத்தது. தற்கொலை செய்துகொண்டவர் தொகை தாய்நாட்டில் உள்ளதினும் பன்மடங்கு மிகுந்திருந்தது. அங்குள்ளோர் அவ்வாழ்க்கைக்கு இட்ட பெயர் நரகம் என்பது.

இவற்றையெல்லாம் தொகுத்து 1916-ம் வருஷம் பெப்ரவரி மாதத்தில் இருவரும் அறிக்கை வெளியிட்டனர். அதில் தோட்டக்காரரைத் திட்டி ஒரு வார்த்தையும் இல்லை. கண்டதும் எண்ணியதும் கணக்கிட்டதுமே இருந்தன. அவ்வறிக்கை பெண்களின் ஒழுக்கக் கேட்டையே மிகுத்துக் காட்டி, அடிபட்டவர்மேலேயே பழி விழுமாறு செய்ததென்று பிற்காலச் சரித்திர ஆசிரியர் சிலர் குறைகூறுவர். அக்குறை முற்றும் ஆதாரமற்றதன்று. எனினும், கெட்டவர் கூலிகளல்லர், கெடுத்தது முறையேயென்பதை அவ்வறிக்கை போல் அந்நாளில் எடுத்துக்காட்டியது வேறில்லை. முறையைத் திருத்துவதில் பயனில்லை, ஒழித்தலே தகும் என்பது அதன் முடிவு.

ஒழிந்த நாள்

1916-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி பண்டித மதன்மோகன் மாளவியா சட்டசபையில் ஒழிப்புத் தீர்மானத்தை மீண்டுங் கொணர்ந்தார். ராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்சுப் பிரபு, அம்முறை ஒழிக்கப்படுமென்று வாக்களித்தார். நாடு களிப்புற்றது. ஆனால் எப்பொழுது ஒழியுமென்பது சொல்லப்படவில்லை. மேலும் ஐந்து வருஷம் ஆள்பிடித்தல் நடைபெறலாமென்று அதிகாரிகளுக்குள் உடன்பாடு இருப்பதை ஆண்ட்ரூஸ் மறு வருஷத் தொடக்கத்தில் அறிந்தார். வாக்கை நம்பி உறங்கிய நாட்டை அவர் தட்டியெழுப்பினார். உடல்நலங் குன்றியிருந்தும் நகரந்தோறும் சென்று பேசினார், பத்திரிகைகளில் எழுதினார். காந்தியடிகளும் பிற தலைவர்களும் உடன்நின்றனர். கடலுக்கப்பால் மானமிழந்து வருந்தும் தம் சகோதரிகளுக்காகப் பாரத மாதர் தூது சென்று புதிய ராஜப்பிரதிநிதியாகிய செம்ஸ்போர்டுப் பிரபுவிடம் முறையிட்டனர். இந்நாட்டுப் பெண்மக்கள் கடல்கடந்த பெண்மக்களுக்காக ஒன்றுகூடி அரசாங்கத்தின் முன் சென்றது அக்காலத்திற்குப் புதுமை. 1917-ம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி, யுத்தகாலத்துச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுதல் நிறுத்தப்பட்டது.

அத்தோடு ஆண்ட்ரூஸ் ஓய்ந்தாரில்லை. புதியவர் செல்வது நின்றதேயன்றி, முன் சென்றவர் இன்னும் கட்டுண்டே கிடந்தனர். அவ்வருஷமே அவர் மீண்டும் பிஜி சென்று பல மாதம் தங்கினார். ஏழைகளின் உறவினர் எனப் பொருள்படும் தீனபந்து என்னும் பட்டத்தை அங்குள்ள இந்தியர் அவருக்கு அன்போடு சூட்டினர். ஆஸ்திரேலியப் பெண்கள் சங்கங்களும் அவர் உரைகேட்டு மனமிரங்கி, 1918-ம் வருஷத்தில் கார்ன்ஹாம் என்னும் அம்மையாரை அனுப்பி விசாரித்தன; அவ்வம்மையாரும் ஆண்ட்ரூஸ் கூறியவை உண்மையென்றே உரைத்தார். இறுதியில், 1920-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியோடு பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன. 1834-ம் வருஷத்தில் தொடங்கிய கதை அன்றுதான் ஒருவாறு முடிவுற்றது. சட்டத்தில் அடிமை ஒழிந்த நாளுக்கும் கூலிவரிசையில் விளக்கேற்றி மகிழ்ந்த நாளுக்கும் இடையே 85 வருஷங்கள் கழிந்தன.

பிற்கால வாழ்வு

எஞ்சிய இருபது வருஷத்தையும் அவர் ஏழைகளுக்கே செலவிட்டார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். தென்னாப்பிரிக்க இந்தியரின் உரிமைக்காகப் பன்முறை அங்குச் சென்றார். 1927-ம் வருஷத்துக் கேப்டவுன் உடன்படிக்கைக்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். 1929-ம் வருஷத்தில் தென்னமெரிக்காவிலுள்ள பிரிட்டிஷ் கயானா சென்று அங்குள்ள நம்மவரையும் கண்டார். 1936-ம் வருஷத்தில் மூன்றாம் முறை பிஜி சென்றார். அங்குத் தமிழரும் பிற தென்னாட்டாரும் 1926-ம் வருஷத்தில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அமைத்துப் பாடசாலைகள் நடத்தத் தொடங்கியிருந்தனர். கைரேகை வைத்துச் சென்றவருடைய மக்கள் கையெழுத்திடக் கற்றுக்கொண்டனர்.

ஆண்ட்ரூஸ் மணஞ்செய்துகொள்ளவில்லை, வீடு கட்டவில்லை, பொருள் சேர்க்கவில்லை. அவர் பெயரின் முதலெழுத்துகள் மூன்றுக்கும் கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலர் எனப் பொருள் விரித்து நண்பர்கள் மகிழ்வர். தம் சமயத்தைப் பிறர்மேற் சுமத்தாமலே, அதன் சாரத்தைத் தம் நடையாற் காட்டினார். 1940-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி கல்கத்தாவில் அவர் ஆவி பிரிந்தது. அந்நகரின் லோயர் சர்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1971-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

அந்நாளின் உட்பொருள்

இப்பெரியார் வாழ்க்கையினின்று, அடிமை ஒழிந்த நாளென்று கொண்டாடும் விடுமுறையின் உட்பொருள் ஒருவாறு புலனாகின்றது. சட்டம் இயற்றப்பட்ட அன்றே அடிமைத்தனம் மாண்டுவிடுவதில்லை. அது பெயரை மாற்றிக்கொள்ளும். அடிமையென்பது பயிற்சியாளென்றும், பயிற்சியாளென்பது ஒப்பந்தக் கூலியென்றும், கூலியென்பது கடனாளியென்றும் உருமாறும். வாக்குக் கொடுத்தவர் காலங்கடத்துவர், கேட்டவர் மறந்துபோவர். ஆதலின் ஒவ்வோராண்டும் ஒரு நாளை ஒதுக்கி, அத்தீமை இப்பொழுது எப்பெயரோடு உலவுகின்றதென்று ஆராய்தலே அவ்விடுமுறைக்குத் தக்க பயனாகும். மொரீஷியஸ் மக்கள் பெப்ரவரி முதல் தேதியையும் நவம்பர் இரண்டாந் தேதியையும் சேர்த்தே போற்றுவதில் ஒரு ஞானம் உண்டு. பிஜித் தேசமும் முதற் கூலிக்கப்பல் வந்த மே மாதம் 14-ந் தேதியை 2023-ம் வருஷமுதல் கிர்மிட் நாளென்று விடுமுறையாக்கியிருக்கின்றது.

நம் தமிழ்நாட்டிலும் நினைக்கத்தக்க நாள் ஒன்று உண்டு. சுதந்தர இந்தியாவின் அரசியற் சட்டம் 23-ம் பிரிவில் கட்டாய ஊழியத்தைத் தடுத்தது. அங்ஙனமிருந்தும் கடனுக்காக ஆளைப் பிணித்துவைக்கும் கொத்தடிமை முறை பண்ணைகளிலும் சூளைகளிலும் நின்றபாடில்லை. ஆதலின் 1976-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 9-ந் தேதி கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் ஏற்பட்டது. கொத்தடிமைக் கடன்கள் அனைத்தும் அதனால் ரத்தாயின. பெப்ரவரி 9-ந் தேதியன்று அரசாங்க அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகின்றது. விடுமுறை இல்லாத காரணத்தால் பலர் அந்நாளை அறியார். அச்சட்டம் வந்த பின்னும் செங்கற்சூளைகளினின்றும் அரிசி ஆலைகளினின்றும் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தவண்ணமிருப்பதை நாம் வாசிக்கின்றோம். வாசித்துவிட்டு ஏட்டைப் புரட்டுகின்றோம்.

வேறொன்றும் நாம் மறத்தலாகாது. நம்மவரைக் கப்பலேற்றியவர் அனைவரும் அயலாரல்லர். சந்தையில் வலைவீசிய தரகனும், முன்பணம் நீட்டிய கங்காணியும், ஊரில் வாழவிடாது துரத்திய மேற்சாதிச் செருக்கும் நம்முள்ளேயே இருந்தன. நம்மவருக்காகக் கண்ணீர் வடித்து, கடல் பல கடந்து, உண்மையைக் கண்டு உரைத்தவரோ ஆள்வோர் இனத்திற் பிறந்த ஓர் ஆசிரியர். நன்மையும் தீமையும் நிறத்தையும் குலத்தையும் பற்றி நிற்பனவல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே, ஆண்ட்ரூஸ் படைதிரட்டியவரல்லர், பதவி வகித்தவரல்லர். ஒரு கல்லூரி ஆசிரியர் செய்யக்கூடியவற்றையே செய்தார். ஐயம் தோன்றியவிடத்து நேரிற் சென்று கண்டார், ஏழையின் வாய்மொழியைச் செவிசாய்த்துக் கேட்டார், எண்ணிக் கணக்கிட்டார், அஞ்சாது எழுதினார், அளித்த வாக்கு நிறைவேறுமளவும் விழித்திருந்தார். இவற்றுள் நம்மால் ஆகாதது எது? சூளைக்கும் ஆலைக்கும் செல்லும் பாதை பிஜிக்குச் செல்லும் பாதையைவிட மிகக் குறுகியது. அடுத்த பெப்ரவரி மாதத்தில் முதல் தேதியும் ஒன்பதாந் தேதியும் வரும்பொழுது, தீனபந்துவின் பெயரை ஒருமுறை நினைப்போமாக. நினைத்ததோடு அமையாது, நம் ஊர்ப்புறத்தில் கடனுக்காகக் கட்டுண்டு கிடப்பவர் எவரேனும் உளரோவென்று ஒருமுறை சென்று காண்போமாக.